தோட்டம் எங்கே எழுதியிருக்கிறது?

அக்கா,

அந்த நூல் திரும்பவும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றையும் சேர்த்து முறுக்கிய அதே நூல். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் வீட்டுப் பத்திரத்தை மடியில் வைத்திருக்கிறேன். நூல் தாள்களின் ஓரத்தில் ஏறி இறங்கி, கடைசிப் பக்கத்தில் முத்திரைக்கு அடியில் போய் மறைகிறது. விரலால் தடவும்போது, வேலை முடிந்து வந்தால் உன் ஜக்கெற்றில் இருக்கும் வாசம் வருகிறது. புதுத் தாளும் பசையும் கலந்த வாசம்.

இன்று மத்தியானம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. நீதிமன்றத்தின் நிலப்பதிவுப் பிரிவில் இருந்து. அப்பாவின் பெயரும் அம்மாவின் பெயரும் குறுண்ட்பூக்கில், அந்தப் பெரிய நிலப் பதிவேட்டில், ஏறிவிட்டன என்று அதில் இருக்கிறது. "எப்ப வீடு எங்கட?" என்று ஆட்கள் கேட்பார்கள் என்று நீ கொப்பியில் எழுதி, கீழே பதிலும் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாய். "கையெழுத்து வைத்த அன்று இல்லை. கதவுத் திறப்பு கையில் வாங்கிய அன்றும் இல்லை. பெயர் ஏறிய அன்று." அப்படியென்றால் இன்றுதான், அக்கா. நாங்கள் வென்றுவிட்டோம்.

இதை ஒளித்துத்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. இரவில் ஒரு தரமாவது என் அறைக் கதவைத் திறந்து, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்ப்பார். கதவுப் பிடி அசைந்தால் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நித்திரை மாதிரிக் கிடப்பேன். இரண்டு வருசமாக இந்த வீட்டில் உன்னைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. கதைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உன் பெயர் வாய்க்குக் கிட்ட வந்தாலே அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார். உன் உடுப்பு, கொப்பி, சப்பாத்து எல்லாம் நான்கு பெட்டிகளுக்குள் போய் நிலவறையில் இருக்கின்றன. இதை டொச்சில், இந்த ஜெர்மன்காரரின் மொழியில், எழுதினால் அம்மாவால் வாசிக்க ஏலாது, எனக்குப் பாதுகாப்பு. ஆனால் டொச் நீ மற்றவர்களுக்காகக் கதைத்த மொழி. என்னோடு நீ சண்டை பிடித்தது தமிழில்.

எங்கள் வீட்டுக்கு வாய் நீதான். எட்டு வயதில் இருந்தே. பல் வைத்தியர், வேலைக் கந்தோர், மின்சாரக் கொம்பனி, எங்கே போனாலும் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் கால் நிலத்தில் முட்டாமல் நீ. ஒருநாள் என் வகுப்பு ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தப் பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றார். நீ அம்மாவின் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "வகுப்பில நல்ல நல்ல கேள்வியெல்லாம் கேக்கிறாவாம் அம்மா, ரீச்சருக்குச் சரியான சந்தோசமாம்" என்றாய். அம்மா ஆசிரியையின் கையைப் பிடித்துக் குலுக்கி "டாங்கே, டாங்கே" என்று சிரித்தார். ஆசிரியை முழித்தார். திரும்பி வரும்போது ட்ராமில் நீ என் காதைப் பிடித்து முறுக்கினாய்.

"உனக்காண்டி ஒரு பொய் சொல்லிப்போட்டன். ஒருநாளைக்கு அதை நீ உண்மையாக்கோணும், விளங்குதோ?"

நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. தலையைத்தான் ஆட்டினேன்.

பிறகு நீ ஒரு நோட்டார் கந்தோரில் அவுஸ்பில்டுங், அந்த மூன்று வருசத் தொழிற்பயிற்சி, தொடங்கினாய். "எட்டு வயசில இருந்து செய்யிற வேலையை இப்பதான் பழக்கித் தரப் போகினமாம்" என்று சிரித்தாய். நோட்டார் என்றால் வீடு வாங்குகிறவரின் லோயரா என்று அப்பா கேட்டார்.

"இல்லையப்பா. வாங்கிறவருக்கும் ஆள் இல்லை, விக்கிறவருக்கும் ஆள் இல்லை. நடுவில நிக்கிறவர். பத்திரம் முழுக்கச் சத்தமா வாசிப்பார். ஒரு பந்தி விடேலாது. விட்டால் செல்லாது."

"அப்ப ஊன்ட்றொப் கோயில் ஐயர் மாதிரி எண்டு சொல்லு."

"ஓம், ஆனா ஒரு வித்தியாசம். மந்திரத்துக்கு நடுவில ஐயரை மறிச்சுக் கேள்வி கேக்கேலாது. நோட்டாரை மறிக்கலாம்."

அந்த வேலையில் உனக்குப் பிடித்தது தைப்பதுதான். பத்திரத்தின் தாள்களை ஒன்றாக அடுக்கி, துளை போட்டு, இந்த நூலால் தைத்து, நுனியில் முத்திரை வைப்பாயாம். நான் ஏழாம் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று கதைக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள், வெட்டி எறிந்த நூல் துண்டொன்றைக் கொண்டு வந்து என் மணிக்கட்டில் கட்டினாய். "இது கட்டினால் ஒரு தாளையும் ஒருத்தரும் உருவ ஏலாது, புதுசா ஒண்டைச் செருகவும் ஏலாது" என்றாய். அடுத்த நாள் நான் கரும்பலகைக்கு முன்னால் இரண்டு நிமிசம் நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. திரும்பி வந்து இருந்துவிட்டேன். பின்னேரம் அழுதுகொண்டு வந்து சொன்னபோது நீ என் கையைத் தூக்கிப் பார்த்தாய்.

"நூல் அறுந்துதா?"

"இல்லை."

"அப்ப ஒண்டும் போகேல்லை."

அந்த மார்கழியில் உன் தலைக்குள் ஓர் இரத்தக் குழாய் வெடித்தது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆஸ்பத்திரி. அதைப் பற்றி இன்றைக்கு எழுத மாட்டேன். ஒன்றே ஒன்று. மூன்றாவது கிழமை குளிக்கும்போது என் கை நூல் அறுந்து தண்ணீரோடு போனது. என்னால்தான் நீ போனாய் என்று நான் கனநாள் நம்பியிருந்தேன். இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த வீடு அதன் சொந்தக்காரருக்கு வேண்டுமாம், மகள் வந்து இருக்கப் போகிறாவாம். ஆவணிக்குள் எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா வேலைத்தலத்தில் எல்லோரிடமும் கேட்டு, பீலெஃபெல்ட் நகரின் ஒரு கரையில் நிலமட்ட வீடு ஒன்றைக் கண்டுபிடித்தார். மூன்று மாடிக் கட்டடம், மாடிக்கு ஒரு வீடு. விற்கிறவர் ஒரு வயதான டொச்சுக்காரர். அறைகளைப் பார்க்கும்போது அம்மா வழமை போல ஒன்றும் சொல்லவில்லை. குளியலறை, அலுமாரி, எதற்கும் ஒரே முகம். பிறகு அந்த மனிதர் பின் கதவைத் திறந்தார்.

பின்னால் தோட்டம். பெரிதில்லை. ஒரு பிளம்ஸ் மரம், கொஞ்சம் புல், வெயில் விழுகிற ஒரு வேலி. அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதற்குள் இறங்கினார். அடிமேல் அடி வைத்து அளந்தார். "இதில வெண்டி. இந்தக் கரையில பச்சை மிளகாய். வேலியில பாவல் படரும், வெயில் காணும்" என்றார். அக்கா, நீ போனபின் அம்மா வாயில் இருந்து இவ்வளவு சொல் ஒரே நேரத்தில் வந்ததை நான் கேட்டதில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே வீடு முடிவாகிவிட்டது.

விற்கிறவர் கை நீட்டினார், அப்பா இரண்டு கையாலும் பிடித்தார். அன்று இரவே அரைவாசி ஊருக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. "கை குடுத்தாச்சு, முடிஞ்சுது. நல்ல மனிசன், வாக்கு மாறமாட்டான்." அடுத்த கிழமை அம்மா தயிர்க் கோப்பைகளில் மண் நிரப்பி யன்னல் ஓரம் முழுக்க விதை போட்டார்.

கிழமை ஒன்று போக நோட்டார் கந்தோரில் இருந்து பத்திரத்தின் வரைவு வந்தது. அப்பா அதைத் தூக்கி என் மடியில் வைத்தார். "வாசி பிள்ளை. அண்டைக்கு நீதான் எங்களுக்குச் சொல்லோணும்."

முப்பது பக்கம். டொச்சில்தான், ஆனால் நான் படிக்கிற டொச் இல்லை. நான் நிலவறைக்குப் போனேன். உன் மூன்றாவது பெட்டியை ஒட்டுநாடா கிழியாமல் திறந்து, நீ வேலையில் கிழமைக்குக் கிழமை குறிப்பெழுதிய பச்சை மட்டைக் கொப்பியை எடுத்தேன். பெட்டியை அப்படியே திரும்ப ஒட்டிவிட்டேன். களவுதான். எனக்குத் தெரியும்.

நீ அதில் ஆட்கள் கேட்கிற கேள்விகளையெல்லாம் எழுதியிருந்தாய், பாதி டொச், பாதி தமிழ். "கை குடுத்தால் வீடு வித்ததாகுமோ? ஆகாது. நோட்டாருக்கு முன்னால் வைக்காத வாக்குச் செல்லாது, ரெண்டு பேரும் மாறலாம்." அதை வாசித்தபோது அப்பாவின் இரண்டு கையும் என் கண்ணில் வந்தது. "நான் காசு கட்டுறதுக்கு முதல் அவர் வேற ஆளுக்கு வித்தால்? அதுக்குத்தான் முதல் பதிவு, வாங்கிறவருக்குக் குறுண்ட்பூக்கில இடம் பிடிச்சு வைக்கிறது." பிறகு ஒரு பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில்: "வீட்டை நோட்டார் வந்து பாக்கிறேல்லை. சொன்னதைத்தான் எழுதுவார். கண்ணால கண்டது எல்லாம் தாளில இருக்காது. கார் நிப்பாட்டுற இடம், நிலவறை, தோட்டம். ஆட்கள் மறக்கிறது இதுகளைத்தான். யார் என்ன சொன்னாலும் மூண்டு சொல்லுக் கேக்கோணும்: வோ ஷ்டேட் டஸ்?"

அது எங்கே எழுதியிருக்கு?

வரைவைத் திரும்ப எடுத்தேன். முதலாம் இலக்க வீடு இருந்தது. முதலாம் இலக்க நிலவறை இருந்தது. முப்பது பக்கத்தையும் விரல் வைத்துத் தேடினேன். தோட்டம் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

நான் சொல்லவில்லை, அக்கா. உனக்கு மட்டும் இந்த உண்மையைச் சொல்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், கொப்பி வெளியில் வரும், பெட்டியைத் திறந்தது தெரியும். அதோடு நான் பிழையாக விளங்கியிருந்தால்? கேட்கப்போய் அந்த மனிதருக்குக் கோபம் வந்தால்? வேறு இரண்டு குடும்பம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. யன்னலில் வெண்டி முளைத்து இரண்டு இலை விட்டது. ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

முதல் டெர்மினுக்கு, நோட்டார் எங்களுக்குத் தந்த நாளுக்கு, அப்பா கடையில் வாங்கிய தமிழ்க் கலண்டரைப் பார்த்து நல்ல நேரம் குறித்திருந்தார். மூன்று பேரும் வெளிக்கிட்டுப் போனோம். நோட்டார் ஒரு பெண், கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. வாசிக்கத் தொடங்க முன் அப்பாவிடம் வரைவைப் பற்றி ஏதோ கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். நோட்டார் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு ஜெர்மன் போதாது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். உங்கள் மகள் அதைச் செய்ய முடியாது. சொந்தப் பிள்ளையைச் சட்டம் விடாது."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்பாவுக்குச் சுர்ரென்று வந்தது. "என்ன விசர்க் கதை? பிள்ளை சொல்லாமல் வேற ஆர் சொல்லுறது? எட்டு வயசில இருந்து என்ர பெரியவள்..." என்று தொடங்கி அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அம்மா கைப்பையைத் திறந்து மூடினார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? முதலில் கால் இரண்டும் இலேசானது. இனி நான் அவர்களின் வாயாக இருக்கத் தேவையில்லை. ஒரு சட்டம் வந்து, இவள் பிள்ளை, இவளைப் பிள்ளையாகவே இருக்க விடு என்று சொல்கிறது. உடனேயே உன்னை நினைத்தேன். எத்தனை கந்தோரில் நீ இருந்தாய், ஒருவராவது கண்ணாடியைக் கழற்றி இதை உனக்குச் சொன்னார்களா?

மொழிபெயர்ப்பாளருக்கு நேரம் இருந்தது இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும். பின்னேரம் மூன்றரை. அப்பா கலண்டரைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். செவ்வாய் மூன்றில் இருந்து நாலரை வரைக்கும் ராகுகாலம். வேறு நாள் கேட்டால் விற்கிறவர் மகன் வீட்டுக்குப் போய்விடுவாராம். அப்பா இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டார். "வாசிக்கிறது எப்ப வாசிச்சா என்ன? கையெழுத்துத்தானே முக்கியம். மொழிபெயர்க்கிற ஆளோட எண்டால் எல்லாம் ரெண்டு தரம் சொல்லோணும். எப்பிடியும் நாலரை தாண்டும்."

வந்தவர் சென்னைப் பக்கத்து அக்கா ஒருவர். நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். சேலை, தோளில் மடிக்கணினிப் பை. வரைவு முழுவதையும் வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்திருந்தார். நோட்டார் ஒரு பந்தி வாசித்து மூச்சு எடுக்க முன் அவர் சொல்லி முடித்துவிடுவார்.

"சார், இந்த அக்ரிமென்ட்படி வீடு எந்த கண்டிஷன்ல இருக்கோ அப்படியே வாங்கிக்கிறீங்க. அப்புறமா டேமேஜ்னு கம்ப்ளெயின்ட் பண்ண முடியாது. அவர் தெரிஞ்சே மறைச்சிருந்தா மட்டும் கேக்கலாம். ஓகேங்களா?"

அப்பா என் காதுக்குள் குனிந்தார். "இவ இங்கிலிசில சொல்லுறாவோ தமிழில சொல்லுறாவோ? எனக்கு டொச்சே பரவாயில்லைப் போல கிடக்கு."

அம்மா இரண்டு வருசத்துக்குப் பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒவ்வொரு பந்திக்கும் தோட்டம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. சுவரில் மணிக்கூடு. நாலு பத்துக்கு நோட்டார் கடைசித் தாளைத் திருப்பிவிட்டார். அப்பாவின் நெற்றி வேர்த்தது. மேசைக்கு அடியில் அவர் சப்பாத்து என் சப்பாத்தை மிதித்தது.

"கேள்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னவாவது கேள். இருவது நிமிசம் இழு."

"என்னத்தை அப்பா?"

"என்னத்தையாவது. நீ படிக்கிற பிள்ளைதானே."

நோட்டார் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "வேறு கேள்விகள் இல்லையென்றால்..."

அக்கா, கரும்பலகைக்கு முன்னால் நின்ற அதே இரண்டு நிமிசம் அங்கேயும் வந்தது. மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ட்ராமில் நீ முறுக்கிய காதுதான் சுட்டது.

"வோ ஷ்டேட் டஸ்?" என்றேன். என் குரல் யாரோ வேறு பிள்ளையின் குரல் மாதிரி உடைந்து வந்தது.

நோட்டார் நிமிர்ந்தார். "எது?"

"தோட்டம். அம்மா அளந்த தோட்டம். பத்திரத்தில் அது இல்லை. எங்கே எழுதியிருக்கிறது?"

விற்கிறவர் சிரித்தார். "பிள்ளை, தோட்டம் வீட்டோடுதான். முப்பது வருசமாக நான் அதில் பூ நட்டிருக்கிறேன்."

நோட்டார் சிரிக்கவில்லை. பேனாவைத் திரும்ப மூடினார். வெளியில் குரல் கொடுத்து, கட்டடத்தைப் பங்கு பிரித்த பழைய பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஒரு வரைபடம். பிளம்ஸ் மரம் நிற்கும் இடத்தில் பச்சைக் கோடு போட்ட சதுரம். சதுரத்துக்குள் ஓர் இலக்கம்.

மூன்று.

"தோட்டத்தைப் பயன்படுத்தும் உரிமை மூன்றாம் இலக்கத்துக்கு, மேல் மாடிக்கு," என்றார் நோட்டார். "மேல் மாடியும் உங்களுடையதுதானே? நீங்கள் அதை விற்கவில்லை."

விற்கிறவர் கண்ணாடியைப் போட்டு வரைபடத்தைப் பார்த்தார். அவர் ஏமாற்றவில்லை, அக்கா. இரண்டு வீடும் அவருடையதாக இருந்ததால், தோட்டம் எந்த வீட்டின் தோட்டம் என்று முப்பது வருசம் யோசிக்கத் தேவை வந்ததில்லை. ஆனால் அன்று கையெழுத்து வைத்திருந்தால், நாளைக்கு மேல் மாடி வேறு கைக்குப் போனால், அம்மாவின் வெண்டியைப் பிடுங்கச் சொல்லி அந்த ஆள் சொல்லலாம். சட்டம் அந்த ஆளின் பக்கம்.

மொழிபெயர்ப்பாளர் அக்கா இதை மெதுவாக, ஓர் இங்கிலிஸ் சொல்லும் இல்லாமல், அம்மாவுக்குச் சொன்னார். "தோட்டம் உங்களுக்கு இல்லைம்மா. எழுதலை." அம்மாவின் முகம் அப்படியே உள்ளே போனது. இரண்டு வருசமாக நான் பார்த்த அந்தப் பழைய முகம். நான் ஏன் கேட்டேன் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிசத்தில் எனக்கிருந்த பயம் மாதிரி வேறு எப்போதும் இருந்ததில்லை. விற்கிறவர் மாட்டேன் என்று எழும்பிப் போனால் வீடும் இல்லை, தோட்டமும் இல்லை, ஆவணிக்குப் பிறகு கூரையும் இல்லை.

விற்கிறவர் கனநேரம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கியவர் நீங்கள்தானே?" என்று கேட்டார். அம்மாவுக்கு அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "யா," என்றார்.

"மேலே என் மருமகன் இருக்கிறான். இதுவரை ஒருநாள் புல் வெட்டியதில்லை. எழுதுங்கள், தோட்டம் இவர்களுக்கு."

நோட்டார் எழுதினார். தோட்டம் எங்கள் வீட்டோடு சேர்கிறது, பதிவேட்டிலும் அப்படியே மாற்ற வேண்டும் என்று ஓரத்தில் கையால் எழுதி, அதையும் சத்தமாக வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் அக்கா அதையும் சொன்னார். கார்ட்டன், தோட்டம், என்ற சொல்லை நோட்டாரின் வாயால் கேட்டபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கையெழுத்து வைக்கும்போது மணி ஐந்தாக இன்னும் எட்டு நிமிசம் இருந்தது. அப்பா மணிக்கூட்டை ஒருதரம் பார்த்துவிட்டு, தன் முழுப் பெயரையும் வால் போட்டு எழுதினார்.

மொழிபெயர்ப்பாளரும் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்துவிட்டு அப்பாவிடம் குனிந்து சொன்னார்: "நானும் பாத்துட்டேதான் சார் இருந்தேன். ராகு காலம் முடிஞ்சு இருவத்திரண்டு நிமிஷம் ஆச்சு."

வெளியில் வரும்போது நோட்டார் எனக்குக் கை கொடுத்தார். "நல்ல கேள்வி கேட்டாய்," என்றார். உன் பொய் உண்மையாகிவிட்டது, அக்கா. வகுப்பில் இல்லை, ஆனாலும் அது கணக்கில் சேரும்.

இப்போது அப்பா தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்வது, "எங்கட தோட்டத்தைக் காப்பாத்தினது ராகுகாலம்" என்றுதான். நானும் ஓம் என்று விட்டுவிட்டேன். எப்படித் தெரிந்தது என்று அம்மா ஒருதரம் கேட்டபோது, "இன்டர்நெற்றில பாத்தனான்" என்றேன். அம்மா வெண்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

கடைசியாக இன்று பின்னேரம் நடந்ததைச் சொல்லிவிட்டு வெளிச்சத்தை அணைக்கிறேன். கடிதம் வந்த சந்தோசத்தில் அப்பா சாமான் கட்டத் தொடங்கினார். நிலவறையில் இருந்து பெட்டிகள் எல்லாம் மேலே வந்தன. உன்னுடைய நான்கும் வந்தன. அம்மா கறுப்பு மார்க்கரோடு குந்தியிருந்து, ஒவ்வொரு பெட்டியிலும் எழுதினார். குசினி. சாமியறை. குளிர் உடுப்பு. உன் பெட்டிகளுக்கு முன்னால் வந்ததும் நின்றார். மூன்றாவது பெட்டியின் ஒட்டுநாடாவை விரலால் தடவினார்.

"பச்சைக் கொப்பி இதுக்குள்ள இல்லை," என்றார் என்னைப் பார்க்காமல். "நான் அடிக்கடி திறந்து பாக்கிறனான். நீ எடுத்த அண்டைக்கே தெரியும்."

நான் கையில் இருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்தேன்.

"வச்சிரு," என்றார். "இன்டர்நெற்றாம், இன்டர்நெற். அவளின்ர கேள்வி எனக்குத் தெரியாதோ? என்ர பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேப்பாள், எங்க எழுதியிருக்கு, எங்க எழுதியிருக்கு எண்டு."

பிறகு மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி, நான்கு பெட்டியிலும் பெரிதாக எழுதினார். "இதுகள் நிலவறைக்கு இல்லை. தோட்டப் பக்கத்து அறைக்கு" என்று அப்பாவுக்குச் சத்தம் போட்டார். அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டவில்லை. வந்து முதல் பெட்டியைத் தூக்கினார்.

நூல் அறுந்த நாளில் இருந்து நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன், இப்போதும் பயம்தான். நாளைக்கு வகுப்பில் கை தூக்க வேண்டும் என்று நினைத்தாலே போர்வையை இன்னும் மேலே இழுக்கிறேன். ஆனால் பயத்தோடும் கேட்கலாம், குரல் உடைந்தாலும் கேள்வி உடையாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூன்று சொல் என்னிடம் இருக்கிறது. போகிற இடமெல்லாம் கொண்டு போவேன்.

கதவுப் பிடி அசைகிறது. இன்றைக்கு வெளிச்சத்தை அணைக்கவில்லை.

நீ எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்று எங்கே எழுதியிருக்கு என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். நான்கு பெட்டியில், அக்கா. கறுப்பு மார்க்கரில், அம்மாவின் கையால், உன் முழுப் பெயர்.